நீ இழுத்து எறிந்த வாசல் திரை

மகன்,

ஸலாம் சொல்லாமல் கடிதத்தைத் தொடங்காதே என்று உன் வாப்பா பக்கத்தில் இருந்து சொல்கிறார். சொல்கிறேன். அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் உண்டாகட்டும். என்னுடைய சாந்தியை மட்டும் இப்போதைக்கு எதிர்பார்க்காதே. நீ பொத்துவிலில் இருந்து போட்ட கடிதம் போன கிழமை வந்தது. இரண்டு தாள், நாலு பக்கம், பள்ளிக்கூடத்து வாத்தியாரின் அழகான கையெழுத்து. நீ எழுதியதன் சுருக்கம் இது: மருதமுனை மாமி வீட்டுக்கு இனிப் போகமாட்டாய். உன் பெண்சாதி நபீஸாவுக்கு வீட்டுச் சீலைகளைப் பேணத் தெரியாது. கலியாணத்துக்குப் போட்ட வாசல் திரை, கட்டில் விரிப்பு, தலையணை உறை, மெத்தை எல்லாம் ஒன்றரை வருடத்துக்குள் பாழாகிவிட்டன. உன் ஹெட்மாஸ்டர் சாப்பிட வந்த அன்று உன் மானம் போய்விட்டது. ஆகவே ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நம் வீட்டுக்கே வந்து இருந்துவிடப் போகிறாய், உன் அறையை ஒழித்து வைக்க வேண்டும். இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில், உம்மா கழுவிய விரிப்பில் படுத்தால்தான் எனக்கு நித்திரை வரும் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்து என் கண் கலங்கியது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நான் உன்னை நம்பினேன். மறுநாளே மருதமுனைக்கு பஸ் ஏறினேன். “ஒரு பக்கத்துக் கதையோட போகாத” என்று உன் வாப்பா படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. நபீஸாவை என்னென்ன கேட்பது, எதை முதலில் கேட்பது, அவளுடைய உம்மா குறுக்கே பேசினால் என்ன சொல்வது என்று நம் சாய்ந்தமருதில் இருந்து அந்த ஊர் வரைக்கும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். கல்முனையில் ஏறிப் பக்கத்தில் இருந்த பெண், எங்கே போகிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டாள். அவளிடமும் சிடுசிடுத்தேன். நான் எந்தக் கோலத்தில் போயிருப்பேன் என்பது உனக்குத் தெரியும். நீ என் வயிற்றுப் பிள்ளைதானே.

வீட்டுக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது அந்த வாசல்தான். முன் மண்டபத்தில் இருந்து உள்ளே போகும் வாசலில் திரை இல்லை. திரை தொங்கிய கம்பி ஒரு பக்கத்து ஆணி பெயர்ந்து சரிந்து கிடந்தது. சுவரில் ஆணி பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. நபீஸா தேத்தண்ணி கொண்டுவந்தாள். “தேத்தண்ணி கிடக்கட்டும் புள்ள. பாழாப் போன சீலையெல்லாம் எடுத்துட்டு வா, பாப்பம்” என்றேன். அவள் அலுமாரியைத் திறந்தாள். காய்ந்த வேப்பிலை வாசம் வந்தது. போன மாரிக்கு மடித்து வைத்த சீலைகள் எல்லாம் கஞ்சி போக அலசி, பழைய மடிப்பில் மடிக்காமல் மடிப்பை மாற்றி அடுக்கியிருந்தன. எனக்கு அங்கேயே புத்தி வந்திருக்க வேண்டும். கஞ்சி போட்ட சீலையை அப்படியே பெட்டியில் வைத்தால் கஞ்சிக்குப் பூச்சி வரும், ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்பு வழியே நூல் இற்றுப்போகும் என்பது எனக்குக் கலியாணமாகிப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இருபது வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் சீலை பேணத் தெரியாது என்று நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய்.

எல்லாவற்றையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன், மகன். நீ வாத்தியார், பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துகிறவன். நான் உன் கொப்பியைத் திருத்தப் போகிறேன், பொறுமையாகப் படி. முதலில் தலையணை உறை. உன் உறையின் நடுவில் ஒரு மஞ்சள் வட்டம். நபீஸாவின் உறையையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுக்கிறாள். நீ தேங்காயெண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு அப்படியே சாய்கிறாய். அடுத்தது சாய்மனைக் கதிரையின் துணி. உன் தலை படும் இடத்தில் அதே எண்ணெய், கறுத்துப் போய்ப் பிசுபிசுவென்று. அந்த வீட்டில் மாப்பிள்ளையைத் தவிர அந்தக் கதிரையில் இருப்பவர் எவரும் இல்லை. உன் மாமா நெசவுத் தறிக் குழியில் இருப்பார், இல்லாவிட்டால் பாயில் இருப்பார். எண்ணெய்க் கறையைத் தண்ணீரில் நனைத்தால் அது இன்னும் பரவும். பயற்றம் மாவைத் தூவி அரை நாள் வைத்து, மா எண்ணெயைக் குடித்த பிறகு தட்டிவிட்டு, அதன்பின் வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட வேண்டும். நபீஸா ஒவ்வொரு முறையும் நீ பொத்துவிலுக்குப் போன பிறகு அதைத்தான் செய்கிறாள். கழுவிக் கழுவித் துணி மெலிந்துவிட்டது. அதைத்தான் நீ பாழ் என்கிறாய்.

பிறகு கட்டில் விரிப்பு. அதில் நாலு மூலையாய் நாலு இரும்புக் கறள் புள்ளிகள். இது என்ன கணக்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விரலால் அளந்து பார்த்தேன், உன் தகரப் பெட்டியின் நாலு மூலை. நீ வந்து இறங்கியதும் உன் தகரப் பெட்டியைக் கட்டிலின்மேல் வைக்கிறாய், அப்படித்தானே? கடற்கரைக் காற்றில் தகரம் ஒரு மாதம் தாங்காது, வேர்த்துக் கறள் பிடிக்கும். அதைக் கொண்டுபோய் வெள்ளை விரிப்பின்மேல் ஏற்றி வைத்தால் புள்ளி வராமல் பூவா வரும்? தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் கறள் போகும், ஆனால் ஒரு தரம், இரண்டு தரம்தான். அதற்கு மேல் அந்தப் புளியே நூலைத் தின்றுவிடும். மூன்றாவது தரம் அவள் என்ன செய்வாள்? மெத்தையைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் நீளச் சதுரமாய்ப் பூஞ்சணம். துவாயின் அளவு. குளித்துவிட்டு வந்து ஈரத் துவாயை மெத்தையில் எறிகிற பழக்கத்தை இந்த வீட்டில் இருந்துதான் கொண்டுபோனாய். இங்கே எறிந்தபோது நான்தான் பின்னாலேயே வந்து எடுத்துக் கொடியில் போட்டேன். ஒரு நாளாவது உன்னைக் கூப்பிட்டு எடுக்க வைத்தேனா? ஆண் பிள்ளைக்கு என்னத்துக்கு இதெல்லாம் என்று நினைத்தேன். இலவம் பஞ்சு ஈரத்தை வாங்கினால் விடாது. கட்டி பிடித்து நாறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெத்தையைக் கிழமைக்கு ஒருதரம் வெயிலில் போட்டு, தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றி, மெல்லத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் பஞ்சு நொறுங்கித் தூளாகும். பின்னேரக் கடற்காற்று ஏறுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் அந்த வீட்டில் செய்கிறார்கள். நீ எறிந்த துவாய்க்கு மட்டும் அவர்களிடம் மருந்தில்லை. ஏனென்றால் மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வராது.

இதை நீ நன்றாக யோசிக்க வேண்டும். நம் பக்கத்து வழக்கப்படி பெண் பிள்ளைக்கு வீட்டைக் கொடுக்கிறோம், ஆண் பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அனுப்புகிறோம். போகிறவன் விருந்தாளியைப் போலப் போகிறான். நல்ல கதிரை அவனுக்கு, பொரித்த மீனில் நடுத்துண்டு அவனுக்கு. அவன் எண்ணெயை வழித்தாலும் பெட்டியை ஏற்றினாலும் ஒருவர் ஒன்றும் சொல்லமாட்டார். மாமி அவன் முன்னால் வரவே மாட்டா, திரைக்குப் பின்னால் நின்றுதான் சாப்பாட்டைக் கொடுத்தனுப்புவா. அந்த மரியாதையை நீ மரியாதை என்று எடுத்துக்கொள்ளவில்லை, உனக்குப் பிழையே இல்லை என்று எடுத்துக்கொண்டாய். நம் ஊர் ஆண்பிள்ளைகள் பலரும் விழுகிற குழி இது. என் மகன் வாத்தியார், கண்ணைத் திறந்துகொண்டு நடப்பான் என்று இருந்தேன்.

கடைசியாகத்தான் அந்த வாசல் திரையை எடுத்து வந்தாள். அதை நபீஸா கலியாணத்துக்கு முன் தன் கையாலேயே நெய்தாள் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? கடும் சிவப்பு, இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை. கலியாணத்துக்கு வந்த நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன், மனதுக்குள் பொறாமைப்பட்டேன். இப்போது வெள்ளைக் கரை முழுக்கச் சிவப்பு ஊறிக் காயத்துக்குக் கட்டிய சீலையாய்க் கிடந்தது. சிவப்பும் சிவப்பாய் இல்லை, அங்கங்கே வெளுத்துத் திட்டாக இருந்தது. வெந்நீரும் சலவைச் சோடாவும் பட்ட சீலை என்று கண்ணால் பார்த்த உடனே தெரிந்தது. எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. அகப்பட்டாள் என்று நினைத்தேன்.

“நெய்யிறவங்கட மகள் நீ. புதுச் சாயச் சீலைக்கு வெந்நீர் ஆகாதெண்டு உனக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியும் மாமி.”

“சோடா?”

“அதுவும் தெரியும். பச்சத் தண்ணியில உப்புப் போட்டு, தனியா அலசி, நெழல்ல உட்பக்கத்த வெளிய போட்டுக் காயவெக்கணும். அப்படித்தான் ரெண்டு தரம் கழுவின நான். சாயம் ஒண்டும் போகல்ல.”

“மறுகா என்னத்துக்கு இந்தக் கூத்து?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை. அழுத்தி அழுத்திக் கேட்டேன். கடைசியில் மெல்லச் சொன்னாள்: “ஒங்கட வீட்டுல அப்படித்தானாம் மாமி. சோடா போட்டு அவிச்சாத்தான் அழுக்குப் போகுமாம். ஒங்கட கையப் பத்திச் செல்லிச் செல்லித்தான் அவிக்கச் சென்னார்.”

மகன், அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் எப்போது சாயச் சீலையை அவித்தேன்? எந்த நாளில்? நம் வீட்டு வெள்ளை விரிப்புகளையும் கட்டில்மேல் கட்டும் நுளம்பு வலையையும் அவித்தேன். வெள்ளையை அவிக்கலாம், அதற்குப் போக ஒரு நிறம் இல்லை. நீ சின்ன வயதில் அடுப்பு எரிவதையும் அண்டா கொதிப்பதையும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு விளையாடப் போனாய். அண்டாவுக்குள் என்ன சீலை கிடந்தது என்று எட்டிப் பார்க்கவில்லை. அந்த அரைக் காட்சியை வைத்துக்கொண்டு, நூலுக்குச் சாயம் போட்டுத் தறியில் பூட்டி நெய்த பிள்ளைக்குச் சீலை கழுவப் படிப்பித்திருக்கிறாய். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை இதுதான். அதிலும் என் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறாய். அந்தத் திரை ஏன் கழுவ வேண்டி வந்தது என்றும் பார்த்தேன். வெள்ளைக் கரையில் உன் கை உயரத்துக்கு இன்னும் மங்கலாய் மஞ்சள் தடம் இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துடைக்கத் துவாய் தேடாமல் திரையில் துடைத்திருக்கிறாய். ஒருநாள் இரண்டுநாள் தடம் அல்ல அது. மஞ்சள் கறைக்கு அந்த இடத்தில் மட்டும் சவர்க்காரம் தொட்டு, சிவந்து வந்ததும் அலசி, அந்த மூலையை மட்டும் வெயில் பார்க்கப் பிடித்தால் வெயிலே குடித்துவிடும். நபீஸா அப்படிச் செய்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஹெட்மாஸ்டர் வருகிறார், பளிச்சென்று இருக்க வேண்டும், அவி என்றிருக்கிறாய்.

இதில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். உன் கலியாணத்துக்கு முதல் கிழமை, உன் பெட்டியை அடுக்கிக்கொண்டே, “அந்த வீட்டுல எப்படிக் கழுவுவாங்களோ, எங்கட கை மாதிரி வருமா?” என்று பெருமை அடித்தேன். போன நோன்புப் பெருநாளுக்கு அங்கே வந்தபோது நபீஸா பார்த்துக்கொண்டு நிற்க அந்தக் கதிரைத் துணியை விரலால் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மூக்கைச் சுளித்தேன். அது உன் தலை எண்ணெய் என்று அன்று யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளை அன்றைக்கு என்ன நினைத்திருப்பாள்? நான் விதைத்ததைத்தான் நீ அறுத்திருக்கிறாய். நபீஸாவிடம் அதை அன்றைக்கே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

சீலையோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தோடு முடிந்திருக்கும். சீலை கெட்டால் வேறு சீலை நெய்யலாம். நீ உன் கடிதத்தில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை உன் மாமா சொன்னார். தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னார். ஹெட்மாஸ்டர் வந்த அன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து நீங்கள் மூன்று பேரும் முன் மண்டபத்தில் பாயில் இருந்தீர்கள். ஹெட்மாஸ்டர் திரையைப் பார்த்து, கைத்தறிதானே, சாயம் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்று உன் மனம் நோகாமல் இருக்கச் சொன்னார். பாவம், நல்ல மனிதர். அந்த ஒரு வார்த்தைக்கு உனக்கு மூக்குக்கு மேல் கோபம். “இவளுக்கு எத்தன தரம் செல்லியிரிக்கன். வீட்டுச் சாமான் பேணத் தெரியாத சாதி” என்று கத்திக்கொண்டு எழுந்துபோய், திரையைப் பிடித்து ஆணியோடு இழுத்து முற்றத்தில் எறிந்தாய்.

திரைக்குப் பின்னால் யார் நின்றார் என்று உனக்குத் தெரியும். உன் மாமி நின்றா. நீங்கள் மூன்று பேரும் சுற்றியிருந்து சாப்பிடுவதற்கு அந்தப் பெரிய சஹன் தட்டில் சோற்றைப் போட்டு, சூட்டோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, உன் மாமா வந்து வாங்கட்டும் என்று நின்றா. திரை போனது. முக்காடு தோளில் சரிந்து கிடந்தது. அதை இழுத்துப் போடக் கை இல்லை. சஹனைக் கீழே போட்டால் விருந்தாளியின் சோறு மண்ணில் போகும். அன்னிய ஆண் ஒருவருக்கு முன்னால், மருமகனுக்கு முன்னால், அந்த மனுஷி சஹனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றா. ஹெட்மாஸ்டர் முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். உன் மாமா எழுந்து ஓடி நடுவில் நின்று மறைத்தார். நீ? நீ உன் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாய். உன் மானம் போய்விட்டது என்று எழுதுகிறாய். அந்த வீட்டில் அன்று யாருடைய மானம் போனது, மகன்? எந்த வாயால் அதை எழுதினாய்?

உன் மாமி இன்னமும் முன் மண்டபத்துப் பக்கம் வருவதில்லை. நான் வந்ததற்கும் குசினியில் இருந்துதான் கதைத்தா. தறியில் ஒரு திரை நெய்து போடலாமே என்று நான் சொன்னேன். “என்னத்துக்கு? பாக்கிறதுக்கு இனி என்ன இரிக்கி?” என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னா. தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. அதைக் குடித்தேன்.

உன் வாய் எங்கே இருந்து வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். உன் வாப்பா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாய் வந்த புதிதில் கட்டிலில் சாய்ந்தபடி சுருட்டுப் பிடிப்பார். ஒருநாள் நெருப்பு விழுந்து விரிப்பில் விரல் போகுமளவுக்கு ஓட்டை. பயத்தில் என்னிடம் சொல்லவில்லை. விரிப்பைத் திருப்பி ஓட்டையைச் சுவர்ப் பக்கம் போட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து நான் கண்டுபிடித்தேன். அன்று முன் மண்டபத்தில் அவருடைய கூடப்பிறந்த நானாவும் வள்ளத்தில் கூடப் போகிறவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. கதவுக்குப் பின்னால் நின்றபடி விரிப்பை வெளியே நீட்டி, ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டி, “ஒங்கட வீட்டுல இதத்தான் படிப்பிச்சு அனுப்பினாங்களா?” என்று அவருடைய நானாவிடம் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். உன் வாப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து கடற்கரையில் வலை வைக்கிற வாடிக்குப் போனவர் ஒன்பது நாள் வீட்டுக்கு வரவில்லை. பத்தாம் நாள் வந்து, விரிப்பைக் கேட்டு வாங்கி, வெளியே வெளிச்சத்தில் இருந்து அந்த ஓட்டையைத் தைத்தார். “எனக்கிட்டக் காட்டியிருந்தா அண்டைக்கே தச்சிருப்பன். வலை தைக்கிற கைதானே” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கட்டிலில் சுருட்டுப் பிடித்ததும் இல்லை, அந்தக் கதையை எடுத்ததும் இல்லை. நானும் இத்தனை வருடமாய் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது இதை எழுதுகிறபோதுதான் திரும்பிக் கேட்டேன். “எந்த விரிப்பு?” என்கிறார். மறந்துவிட்டார் என்று நினைக்காதே. உன் வாப்பா எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ஆகவே நான் சொல்வதைக் கேள். அந்த வீட்டில் உன் எண்ணெய்க்கு ஒரு துண்டை வாங்கிக் கதிரையின் தலைப்பக்கத்தில் நீயே போடு, நீயே கழுவு. தகரப் பெட்டிக்கு ஒரு பலகையை நிலத்தில் போடு. துவாயைக் கொடியில் போடு. கையைத் துவாயில் துடை. இதெல்லாம் சின்ன விஷயம் என்று சிரிக்காதே. ஒரு வீட்டின் சீலை இருபது வருடம் இருப்பதும் இரண்டு வருடத்தில் போவதும் கழுவுகிறவர் கையில் கொஞ்சம்தான் இருக்கிறது. மிச்சம் முழுக்க அதை அழுக்காக்குகிறவர் கையில் இருக்கிறது. கெட்ட திரைக்கு, வெளுத்தது தெரியாமல் முழுவதையும் ஒரே கடும் நிறத்தில் திரும்பச் சாயம் தோய்க்கலாம் என்று உன் மாமா சொல்கிறார். வெள்ளைக் கரை போய்விடும், போகட்டும். அதைத் தோய்க்கிற அன்று பானைக்குப் பக்கத்தில் நின்று கிளறுவது நீயாக இருக்க வேண்டும். இது எதுவும் உன் மாமியிடம் நீ கேட்க வேண்டிய மன்னிப்புக்கு ஈடாகாது. அது தனிக் கடன். அதை முன் மண்டபத்தில் நின்று, குசினிக்குக் கேட்கும்படி, வாயைத் திறந்து கேட்க வேண்டும். கடிதம் எழுதி அனுப்பித் தப்பலாம் என்று பார்க்காதே, அந்த மனுஷிக்கு வாசிக்கத் தெரியாது. மற்றவர் வாசித்துக் கேட்கிற மன்னிப்பு அவவுக்கு இன்னொரு வெட்கம்.

இங்கே வருவதாக எழுதியிருக்கிறாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உன் அறை என்று ஒன்று இங்கே இல்லை. இந்த வீடு உன் தங்கச்சியின் வீடு. பெருநாள் கழிந்ததும் அவளுக்கு நிக்காஹ். அந்த அறையில் அவளுக்கான புது மெத்தைக்குப் பஞ்சு கொட்டி வைத்திருக்கிறோம். வருகிற மருமகனுக்கு நான் மாமியாகப் போகிறேன். நானும் ஒரு வாசலில் திரை போட்டுக்கொண்டு அதற்குப் பின்னால் நிற்கப் போகிறேன். உன் மாமி நின்ற அந்த நிற்பை நினைத்து இப்போதே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். என் மருமகன் என்னை அப்படி நிற்க வைத்தால், நீ அவனை என்ன செய்வாய் என்று உன்னையே கேட்டுப் பார். கடிதத்தைக் கேட்டுவிட்டு உன் வாப்பா சொன்னது இவ்வளவுதான்: “வாறதெண்டா வரட்டும். வாடியில வலைக்கு மேல படுக்கட்டும்.”

நான் அங்கிருந்து புறப்படும்போது நபீஸா பஸ் வரும்வரை வேலியோடு நின்றாள். அவளிடம் கேட்டேன், அவன் வந்தால் என்ன செய்வாய் என்று. வீட்டுக்குள் விடாதே என்று சொன்னால் அதற்கும் ஓம் சொல்லத் தயாராய்த்தான் கேட்டேன்.

“சோறு போடுவன் மாமி. கதைக்க மாட்டன்.”

“எத்தன நாளைக்கு?”

“எனக்குத் தெரியா.”

பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். வழியெல்லாம் அந்த ஒரு பதில்தான் என் காதில் இருந்தது. அவள் அழவில்லை, உன்மேல் குறை சொல்லவில்லை, உன்னை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை பேசாமல் இருந்துவிட்டால் நீ பொத்துவிலுக்கும் மருதமுனைக்கும் வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் போய் வந்துகொண்டிருப்பாய், வீடு என்று ஒன்று உனக்கு இருக்காது. எனக்கு அது பயமாய் இருக்கிறது, மகன். கோபத்தில் எழுதினாலும் இந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். பெருநாளைக்கு முதல் வருகிற பஸ்ஸில் ஏறி நேரே மருதமுனையில் இறங்கு. அங்கே உனக்குச் சோறு இருக்கிறது, கதைதான் இல்லை. இங்கே வந்து பார், நான் விடிய விடியக் கதைப்பேன். சோறு போடமாட்டேன்.

உன் உம்மா